வடித்த தண்ணீர்

கிழங்கைக் கையில் கொடுத்த பிறகும் வீரய்யா வாசலை விட்டு நகரமாட்டார். "தோலைச் சுத்தமா உரிக்கணும். வேகவச்ச தண்ணிய மண்ணுல கொட்டிரணும். வாயில வச்சிராதீங்க தாயி" என்பார். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்பார். கீழ மூன்றாம் வீதிப் பெண்கள் இவர் தலையைக் கண்டதுமே, "கொட்டிர்றோம், கொட்டிர்றோம்" என்று முந்திக்கொள்வார்கள்.

குதிரை வண்டி ஓட்டுவது அவர் தொழில். லாயத்துக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த குப்பைமேட்டை வெட்டித் திருத்தினார். குதிரைச் சாணத்தைக் கொட்டி, வீதி வீடுகளின் குளியல் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, மரவள்ளி போட்டார். யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றாலும் அரை வயிற்றுக்கே கிடைக்கிற காலம் இது. ஊருக்கு நடுவில் விளைந்த கிழங்கால் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை. "நம்ம குதிரை வண்டியும் இழுக்குது, வீதிக்குச் சோறும் போடுதுல்ல" என்று சவாரி ஏறுகிறவர்களிடமெல்லாம் அளப்பார்.

பெருமை எவ்வளவோ அவ்வளவு பயமும் உண்டு. முதல் அறுவடையில், கிழங்கு வெந்த தண்ணீரை அவருடைய வெள்ளாடு குடித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளி, காலை உதறிக்கொண்டு அவர் கண்ணெதிரே செத்தது. கசப்புக் கிழங்கு அது. நடுவதற்கு வேறு குச்சி கிடைக்காததால் மறுபடியும் அதையே நட்டார். "கெழங்கு ஒண்ணும் செய்யாது. அந்தத் தண்ணிதான் எமன்" என்பார்.

ஆனால் வடித்ததைக் கொட்டுவது இந்த ஊர்ப் பெண்களுக்குக் கை வராத காரியம். சோற்றுக் கஞ்சியில் உப்புப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தே பழகியவர்கள். அதுவும் அரிசியே காணாத நாளில் கேட்கவா வேண்டும்?

போன வெள்ளிக்கிழமை ரயிலடிக்குச் சவாரி போனார். பாதி வழியில், காலையில் யார் யாருக்குக் கிழங்கு கொடுத்தோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். திருவரங்குளத்திலிருந்து புதிதாகக் குடிவந்த உண்ணாமலை ஞாபகத்துக்கு வந்தாள். சவாரிக்காரர் அவசரப்படுத்தியதில், "வேகவச்சு வடிச்சிரு தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவந்திருந்தார். கொட்டச் சொல்லவில்லை.

வண்டியைத் திருப்பினார். "யோவ், எங்கிட்டுய்யா போற? ரயிலு போயிரும்!" என்று சவாரிக்காரர் கத்தினார். குதிரை மேல் சாட்டை படாமல் ஓட்டுகிறவர், அன்று மாறி மாறி அடித்தார்.

உண்ணாமலையின் அடுப்படியில் கிழங்கு ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சட்டித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே பாய்ந்தவர், சட்டியைத் தூக்கி அங்கணத்தில் கவிழ்த்தார்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? பிள்ளைக்குன்னு உப்புப் போட்டு வச்சிருந்தேன்."

"குடுத்தியா?"

"இப்பத்தான் ஒரு டம்ளர் கொல்லைக்கு எடுத்துட்டுப் போனா..."

அவள் முடிக்கும் முன்பே வீரய்யா கொல்லைக்கு ஓடினார். உண்ணாமலையின் சின்ன மகள் காலி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

"குடிச்சியா ஆத்தா?"

"கசந்துச்சு. துப்பிட்டேன்."

"மிச்சத்த?"

"கொட்டிட்டேன்."

"எங்கிட்டு? காட்டு."

பிள்ளை சுவரோரத்தைக் காட்டினாள். வாசலில் சவாரிக்காரர் வைதுகொண்டிருந்தார். வீரய்யா குந்தி உட்கார்ந்து மண்ணைத் தடவிப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது. அந்த ஈரத்தின் மேல் ஒரு கையை அழுத்தி வைத்துக்கொண்டு, மறு கையால் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார். தூரத்தில் ரயில் கூவிப் புறப்பட்ட பிறகும் அந்தப் பிடியை அவர் விடவில்லை.