கடலுக்கு முதுகு காட்டி நின்றவன்

அந்தக் கடற்கரைக்கு நாங்கள் காற்று வாங்கப் போகவில்லை. அம்மாவைக் கொண்டு போனோம். வெள்ளைத் துணியால் வாய் கட்டிய மண்கலயத்தில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில், தம்பியின் மடியில் அம்மா வந்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளில் யார் செத்தாலும் சாம்பலைக் கிள்ளான் ஆற்றில்தான் கரைப்பார்கள். தம்பி கேட்கவில்லை. "ஆயுசு பூரா ஈயச் சுரங்கத்துக் கலங்கல் தண்ணியிலதாண்ணே அம்மா துணி அலசுச்சு. செத்தும் சேத்துலயா? அலை அடிக்கிற கடலுக்குப் போவோம்." தாய்க்குக் கொள்ளி வைப்பவன் கடைசி மகன். அவன் சொல்லுக்கு மேல் சொல்லில்லை. நான் ரயில் பட்டறைக்காரன், பாஸ் வாங்கினேன். துணைக்குத் தாய்மாமன் வந்தார். போர்ட் டிக்சனில் இறங்கினோம்.

துரைமார்களின் ஓய்வு பங்களாக்களைத் தாண்டி நடந்தோம். வராந்தாவில் சாய்வு நாற்காலிகள் வெறுமனே கிடந்தன. குளிக்க ஒருவரும் இறங்கியிருக்கவில்லை. அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். சுமத்ரா பக்கமிருந்து காற்று கிழித்துக்கொண்டு வந்தது. அலை செம்பாறைகளில் ஏறி, உடைந்து, வழிந்து, வழிந்தது வடியுமுன் அடுத்தது ஏறியது. மூச்சு வாங்கக்கூட நேரமில்லாத கோபம் அது.

படகை மேலே இழுத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் கையை ஆட்டினார். "ஓம்பாக் பெசார்! ஓம்பாக் பெசார்!" பெரிய அலையாம்.

"அவன் மீன் பிடிக்கப் போறவனுக்குச் சொல்றான்யா," என்றார் மாமா. "நமக்கு அஞ்சு நிமிச வேலை. மாப்ள, இடுப்பளவு தண்ணியில நில்லு. கடலுக்கு முதுகக் காட்டு. கலயத்தத் தோளுக்கு மேலால பின்னாடி விட்டுட்டு, முழுக்குப் போட்டு வந்துரு. திரும்பிப் பாக்கப்படாது. நாங்களும் பாக்கமாட்டோம்."

ஆற்றில் அப்படித்தான் செய்வோம். ஆறு யார் முதுகிலும் அடித்ததில்லை.

தம்பி இறங்கினான். நானும் மாமாவும் கரையைப் பார்த்து நடந்தோம். பின்னால் மலை சரிவது போல ஒரு சத்தம். அதற்குள் சிக்கிய ஒரு குரல், "அண்..." என்று பாதியில் அறுந்தது.

"திரும்பாதடா! ஆத்தா கூடவே வந்துரும்!" மாமா கத்தினார்.

திரும்பினேன். தம்பி நின்ற இடத்தில் நுரை மட்டும் இருந்தது.

ஓடினேன். பாறை பாதத்தைக் கிழித்தது. நுரைக்கு நடுவே அவன் மொட்டைத் தலை வந்தது, போனது, வந்தது. எட்டிப் பிடித்தேன். காரியத்துக்காக மழித்த தலை. பிடிக்க ஒரு முடி இல்லை. விரல் வழுக்கியது. அடுத்த அலை இருவரையும் பாறைப் பக்கம் தள்ளியது. அவன் தோள் அகப்பட்டது. ஆனால் பற்றிக்கொள்ள அவன் எனக்கொரு கை தரவில்லை. இரண்டு கையாலும் கலயத்தைக் கட்டிப் பிடித்திருந்தான்.

"விடுடா அத!"

"மாட்டேண்ணே."

"விடத்தானடா வந்தோம்!"

"பாறையில அடிச்சிரும்ணே. அம்மாவுக்கு வலிக்கும்."

கெஞ்சினேன். அம்மா போயிருச்சுடா, எனக்கு நீ ஒருத்தன்தாண்டா இருக்க என்று, உப்பு வாய்க்குள் புகப் புகக் கத்தினேன். தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்குப் பின்னால் இன்னொன்று எழும்பிக்கொண்டிருந்தது. பச்சை. உச்சி வெள்ளை. வேறு வழியில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பு பல்லில் தட்டும்வரை கடித்தேன். கை திறந்தது. அத்தனை இரைச்சலிலும் கலயம் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

எப்படி இழுத்தேன், எங்கே கால் தட்டியது, தெரியாது. மணலில் அவனைக் கவிழ்த்துப் போட்டேன். தண்ணீரைக் கக்கினான்.

மாமா அதே இடத்தில் நின்றிருந்தார். கடலுக்கு முதுகைக் காட்டியபடி, முகத்தில் அறைந்துகொண்டு அழுதுகொண்டிருந்தார். "என்னடா ஆச்சு? ரெண்டு பேரும் இருக்கீங்களா? யாராச்சும் ஒருத்தன் சொல்லுங்கடா!"

தம்பி கன்னம் மணலில் பதிய, கடலையே பார்த்துக் கிடந்தான். அவன் முகத்தை இரு கையாலும் ஏந்தி என் பக்கம் திருப்பினேன். கையை எடுத்தேன். அது மறுபடியும் அங்கேயே திரும்பியது.