சர்வருக்கு வைத்த பொட்டு

ஆயுதபூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். வல்லம் வடகாலில் கார் உதிரிபாகம் செய்யும் இடம் அது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். வருஷம் முழுக்க அணையாத சர்வரையும் அணைக்கச் சொன்னார் புரொடக்‌ஷன் மேனேஜர். ஓடுகிற மெஷினுக்குப் பூஜை போடக் கூடாதாம்.

ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் அண்ணன் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். “சர்வருக்கு நெத்தி எதுண்ணே?” என்று சீண்டினேன்.

“லைட்டு எரியிற எடந்தான் மேடம்.”

விடுமுறை முடிந்த காலை ஆன் செய்தேன். சர்வர் எழுந்தது. அதற்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள்போல ஓடும் விர்ச்சுவல் மெஷின்களில் ஒன்றுகூட எழவில்லை. உற்பத்தி லைனுக்குப் பார்கோடு ஸ்டிக்கர் அடிப்பது அதில் ஒன்று. ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது.

திரையில் வந்த வரிகளைப் படித்ததும் விஷயம் பிடிபட்டது. தலைமை அலுவலகத்தில் இருந்தபடியே யாரோ கெர்னல் அப்டேட் ஏற்றியிருக்கிறார்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கே அடித்தளம் கெர்னல்தான். அணைத்துப் போட்டால்தான் புதியது வேலைக்கு வரும். பூஜைக்கு அணைத்தோம், வந்துவிட்டது. பழைய கெர்னலைக் கொடுத்தால் எல்லாம் எழுந்துவிடும். சர்வரைத் திரும்ப அணைத்துப் போட்டு, பழையதைத் தேர்ந்தெடுக்கும் திரைக்கு வந்திருந்தேன்.

அப்போது மேனேஜர் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். பிடியில் அண்ணனின் சட்டைக் காலர்.

“குங்குமத்தக் கொட்டி மெஷினக் கெடுத்துட்டியேடா!”

“பொட்டுதான் சார் வச்சேன். நான் இன்னா சார்...”

முடிக்கும்முன் அறை விழுந்தது. அண்ணனின் தலை இரும்பு ரேக்கின் விளிம்பில் மோதியது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. விழுந்தவரின் விலாவில் ஷூ காலால் மிதித்தார்.

“அது அப்டேட் சார்! அவர் ஒண்ணும் பண்ணல!”

“நீ லைன ஓட்டும்மா மொதல்ல” என்று மறுபடி மிதித்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் ஆபீஸ் நாற்காலியை உருட்டி முழு வேகத்தில் அவர் முழங்காலில் மோதவிட்டேன். தடுமாறியவர் என்னைப் பிடித்துத் தள்ளினார். சுவரில் இடித்து என் உதடு கிழிந்தது. திரும்பி மறுபடி அண்ணனின் காலரைப் பிடித்தார்.

நான் கீபோர்டை இழுத்து என்டர்மேல் விரலை வைத்தேன். “அவர விடுங்க. விட்டாத்தான் தட்டுவேன்.”

“மிரட்டுறியா?”

“ஆமா.”

கையை எடுத்தார். அண்ணனுக்காக இல்லை, லைனுக்காக. தட்டினேன். விர்ச்சுவல் மெஷின்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஸ்டிக்கர் அடிக்கும் சத்தம் கேட்டதும் போய்விட்டார். அவர் மண்டையை உடைக்கவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்தார். தரையில் சிந்திய தன் ரத்தத்தைத் தானே துடைத்தார். தடுத்தும் கேட்கவில்லை. பிறகு சர்வரில் இருந்த பொட்டைத் துடைக்கப் போனார்.

“அதனால இல்லண்ணே. அது இருக்கட்டும்.”

“உனக்குத் தெரியும் மேடம். அடுத்த தபா நின்னுச்சுன்னா, அந்தாளு கண்ணுக்கு இந்தப் பொட்டுதான் தெரியும்.”