கச்சான் எடுத்தால் வருவார்

கச்சான் காற்றை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. மேற்கிலிருந்து வரும்போதே தெருப்புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வரும். காயப்போட்ட துணியைப் பக்கத்து வீட்டு மாடியில் கொண்டுபோய்ப் போடும். சோற்றில் மண் நறநறக்கும். எனக்கு மட்டும் அந்தக் காற்று எடுத்தால் சந்தோஷம் தாங்காது. அது வந்தால் என் வீட்டுக்காரர் வருவார், அவ்வளவுதான் காரணம்.

அவர் தோணியில் என்ஜின் பார்க்கிறவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றிப்போகிற மரத்தோணி. வருஷத்தில் முக்கால்வாசி அவர் தண்ணீரில்தான். மே மாதம் பாதியானால் கச்சான் கடலைப் புரட்ட ஆரம்பிக்கும் என்பதால், தோணி எதுவும் போகக்கூடாதென்று கடலை அடைத்துவிடுவார்கள். திறப்பது ஆகஸ்ட் கடைசியில். இடையில் இருக்கிற மாதங்கள் என்னுடையவை. அவர் வீட்டில் சும்மா இருந்து, அடுப்படியில் வந்து குறை சொல்லி, என்னிடம் ஏச்சு வாங்குகிற மாதங்கள்.

"ஏளா, கச்சான் எடுத்தா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு வருஷமும் முதல் நடைக்குப் போவார். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். தேதியைச் சொல்லாமல் காற்றைச் சொல்கிற மனுஷனை என்ன செய்வது? பிறகு பார்த்தால் ரயில்கூட அப்படிச் சொன்ன நேரத்துக்கு வராது.

தோணிக்காரர் வீடுகளில் எல்லாமே இந்தக் கணக்கில்தான் நடக்கும். கல்யாணம், ஞானஸ்நானம், புது வீட்டில் பால் காய்ச்சுவது எல்லாம் கடல் அடைத்த பிறகுதான். எங்கள் தெருப் பிள்ளைகளின் பிறந்தநாளை விசாரித்தால் பாதிப்பேர் பங்குனி, சித்திரை என்பார்கள். என் மகளும் சித்திரைதான். பிரசவத்துக்குப் போயிருந்தபோது நர்சம்மா, "தோணிக்காரன் பொண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வெட்கத்தில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளை பிறக்கிற மாதத்தில் கடல் திறந்திருக்கும், அப்பன்மார் யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள்.

ஒருநாள் மகள் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துவிட்டு, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, தானே விளக்கமும் சொன்னாள். "வானிலைன்னா இன்னைக்கு மழையா வெயிலாங்கதும்மா. காலநிலைன்னா ஒரு ஊர்ல ரொம்ப வருஷமா எப்படி இருக்குங்கது."

எனக்கா விளங்காது? வானிலை, நான் தினமும் போனில் அவரிடம் கேட்பது. காலநிலையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதை நம்பித்தான் ஒரு கடல்காரருக்குக் கழுத்தை நீட்டினேன்.

அந்த வருஷம் மகளுக்குப் புதுநன்மை. பூசையில் கொடுக்கிற அப்பத்தை, அதாவது நன்மையை, முதல்முறையாக வாங்கப்போகிறவளுக்கு வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி என்று எல்லாம் தயார். எப்போது வைக்கலாம் என்று பங்குச் சாமியார் கேட்டார். மே கடைசி என்றேன். "அதுக்குள்ள அவர் வந்துருவாராம்மா?" என்றார்.

"கடல அடைச்ச பிறகு ஆம்பள எங்க சாமி போவாரு?" என்று சொல்லிச் சிரித்தேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கடைசி நடைத் தோணி திரும்புமா என்று தினமும் டிவியில் வானிலை பார்க்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. திரும்பிவிடும், அவ்வளவுதான்.

மே தொடக்கத்திலேயே அரபிக்கடலில் காற்றழுத்தம் என்றார்கள். அவர் தோணி மாலத்தீவில் சரக்கை இறக்கிவிட்டு நின்றது. "வானம் சரியில்லளா, ரெண்டு நாள் பாத்துட்டு எடுத்துருவோம்" என்றார். அது புயலாக மாறியது. அது போய் முடிவதற்குள் இன்னொன்று. டிவியில் அந்தப் பெண் சிரித்த முகமாக மேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள், எனக்கு ரிமோட்டைத் தூக்கி எறியலாம்போல இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடலை அடைக்கிற நாளும் வந்துவிட்டது. தோணி அங்கேயே நிற்கட்டும் என்று முடிவாகிவிட்டது.

ஆட்களை விமானத்தில் அனுப்பினார்கள். எதிர்வீட்டு மைனியின் வீட்டுக்காரரும் அதே தோணிதான், அவர் சாக்லேட் டப்பாவோடு வந்து இறங்கினார். இவர் வரவில்லை. மரத்தோணியில் எப்போதும் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும், பம்பு ஓடாவிட்டால் நின்ற இடத்திலேயே அமிழ்ந்துவிடும். அதனால் தோணியை நடத்துகிற தண்டலும் என்ஜின் பார்க்கிற இவரும் காவலுக்குத் தங்கினார்கள். மைனி சாக்லேட் கொடுக்க வந்தபோது நான் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவள் என்ன செய்வாள், பாவம்.

புதுநன்மை அன்று அவர் அங்கிருந்தே பார்க்கட்டும் என்று மைனிதான் கோயிலில் வீடியோ காலில் போனைத் தூக்கிப் பிடித்தாள். மகள் நன்மை வாங்க வாய் திறந்த நேரத்தில் சிக்னல் போய்விட்டது. திரையில் அவர் முகம் அப்படியே உறைந்து நின்றது.

அதற்கடுத்த வாரம் கச்சான் எடுத்தது. மத்தியானம் பின்கட்டு ஜன்னல் படாரென்று அடித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பல வருஷப் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது. தெருவில் புழுதிதான் பறந்துகொண்டிருந்தது. அவர் இல்லாத கச்சானை அதுவரை நான் பார்த்ததில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் மாதா திருவிழா வந்தது, ஊரே குடும்பம் குடும்பமாகக் கடைவீதியில் நடந்தது. நான் மகளோடு சீக்கிரமே வீடு திரும்பிவிட்டேன். எனக்கு அவர் வேண்டும்போல இருந்தது, வேறொன்றும் இல்லை.

"இதத்தான் காலநிலை மாறிட்டுன்னு சொல்லுதாவளா?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஒரு புயல வச்சு அப்படிச் சொல்லக்கூடாதும்மா. ரொம்ப வருஷம் பாக்கணும்."

சரிதான். ஆனால் நானும் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்? உப்பு விளைகிற சித்திரையில் மழை கொட்டி, அளத்தில் குவித்த உப்பு கரைந்து ஓடியதைப் பார்த்தேன். ஐப்பசி கார்த்திகையெல்லாம் வெறுமனே போய், மார்கழியில் மொத்தமாகப் பெய்து ஊருக்குள் தண்ணீர் வந்ததையும் பார்த்தேன். இவருடைய கடைசி நடை வருஷத்துக்கு வருஷம் இழுபறியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் இந்த வருஷம் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன். அரபிக்கடல் முன்பைவிடச் சூடாகிவிட்டது என்று டிவியில் சொல்கிறார்கள். எனக்கும்தான் சூடு ஏறுகிறது, அதை யாரிடம் சொல்ல?

கடல் திறந்த பிறகு, செப்டம்பரில் தோணியோடு வந்து சேர்ந்தார். முகம் கறுத்து, ஆள் பாதியாகியிருந்தார். முதலாளி உடனே அடுத்த நடைக்குச் சரக்கு ஏற்றச் சொல்லிவிட்டார். கச்சான் எப்போதோ ஓய்ந்திருந்தது, ஜன்னல் அசையவில்லை.

அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று மகள் அந்த வெள்ளை கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். வளர்கிற பிள்ளை, முதுகில் கொக்கி எட்டவில்லை. அவர் துணியின் இரண்டு பக்கத்தையும் விரலால் இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கு மக்கா" என்றார். கையை எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே நின்றார்.

புறப்படுகிற அன்று பை வாசலில் இருந்தது. "அடுத்த வருஷம் எப்பம்ப்பா வருவீய?" என்று மகள் கேட்டாள். நான் அடுப்படியில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லப்போகிற வார்த்தை எனக்குத் தெரியும், அதைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

அவர் மேற்குப் பக்கம் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டினார்.

"வானம் பாத்துச் சொல்லுதேன் மக்கா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் காற்றின் பேரைச் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனது அன்றைக்குத்தான்.