கோமதி அத்தை சேர்க்கச் சொன்ன வெள்ளம்

மழையில் நனைந்த பருத்திச் சேலையைக் கொடியிலிருந்து எடுத்தபோது, ஈர நூலின் வாடை வந்தது. உடனே நினைவில் வைகைக் கரையோரம் இருந்த அப்பாவின் நூல் கடைக்குப் போய்விட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, அப்பா கடைக்குத் தீ விபத்துக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுக்க நினைத்தார். பக்கத்துத் தெரு ஏஜென்ட் கோமதி அத்தை விடவில்லை.

"அண்ணே, பின்னாடி வாய்க்கால் ஓடுது. கடை பள்ளத்துல இருக்கு. வெள்ளத்தையும் சேத்துருங்க."

"வைகையில தண்ணி வந்தாத்தானம்மா வெள்ளம்" என்று அப்பா சிரித்தார். அத்தை மறுபடி மறுபடி வந்து கேட்கவே, சேர்த்துக்கொண்டார்.

அந்த வருட ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்தது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். நூல் கட்டுகள் ஊறி, சாயம் கரைந்து, தரையெல்லாம் சிவப்பாகக் கிடந்தது.

"கடைய மூடிட்டு எங்கயாவது வேலைக்குப் போறேன்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

அத்தைதான் இன்சூரன்ஸ் அதிகாரியை அழைத்துவந்து, ஊறிய கட்டுகளைத் தன் கையாலேயே பிரித்துக் காட்டினார். பொங்கலுக்கு முன்பே பணம் வந்தது. கடையைத் திறந்த அன்று அப்பா அத்தை வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உள்ள வாங்கண்ணே, காபி போடுறேன்" என்றார் அத்தை.

அந்தக் கடை வருமானத்தில்தான் நான் கல்லூரி வரை படித்தேன். அத்தை இப்போது மகனோடு சமயநல்லூரில் இருக்கிறார். சேலையை உள்ளே காயப்போட்டுவிட்டு அவருக்கு போன் செய்து, "அத்தை, ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றேன்.