குடைகளுக்கு அடியில்

தரையில் குந்தி, அண்ணாந்து படம் எடுப்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம். அப்போது வங்காளத்தில், பாலிகஞ்சில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேமராவை நடைபாதையில் மல்லாக்க வைத்து, அதன் மடக்குத் திரையைப் பார்த்தபடி பொத்தானை அழுத்துவேன். கீழிருந்து பார்த்தால் சாதாரண மனிதர்களுக்கு ஒரு தனி உயரம் வந்துவிடும். மீன் அரிகிற பெண்ணின் தாடை மதில்சுவர் போல எழும்பி நிற்கும். அதற்காகச் சேறு, ஈ, செதில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன்.

அன்று நல்ல மழை. ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய மீன் சந்தைக்குக் குடைகளைப் படம் எடுக்கவென்றே போயிருந்தேன். பாலிதீன் உறையில் சுற்றிய கேமராவைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு கடையின் படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். திரை முழுக்கக் கறுப்புக் குடைகள். இடையிடையே கிழிசல் போல வானம்.

"சோர்! சோர்!" என்று கத்தினார்கள். திருடன், திருடன். நான் நிமிர்வதற்குள் ஒருவன் ஓடிவந்து என் முன்னால் குப்புற விழுந்தான். முப்பது வயதிருக்கும். யாரோ அவன் இடுப்பிலிருந்து ஒரு செல்போனை உருவி உயர்த்திக் காட்டினார்கள். அவ்வளவுதான், கால்கள் சூழ்ந்துகொண்டன. வயிற்றில் ஓர் உதை. காதோரம் ஓர் உதை. பல் ஒன்று தெறித்துக் கேமரா உறையின் மேல் விழுந்தது. மீன்கடைக்காரர் ஒருவர் எடைக்கல்லால் அவன் முழங்காலில் அடித்தார். தேங்காய் உடைகிற சத்தம்தான் கேட்டது.

நான் கத்தவில்லை. இதை மறைத்து எழுதிப் பயனில்லை. என் விரல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. பயத்தில் செய்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பயம் இருந்தது உண்மை. படம் நன்றாக விழுகிறது என்ற நினைப்பும் இருந்தது.

ஒரு பூட்ஸ் கால் என் இடது கையை மிதித்தபடி திரும்பியது. இரண்டு விரல்கள் ஒடிந்தன. வலியில் தலையைத் தூக்கியபோது, குடைகளுக்கு அடியில் எனக்குப் பழகிய முகம் ஒன்று தெரிந்தது. எங்கள் எதிர் ஃபிளாட்காரர். பூஜா நாட்களில் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து தருகிறவர். பன்னிரண்டு வருஷமாக என்னை "பௌதி" என்று, அண்ணி முறை வைத்துக் கூப்பிடுகிறவர். அவர் தன் நீளக் குடையை மடக்கினார். கீழே கிடந்தவன் அவர் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவர் குடையின் இரும்பு முனையை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, இரண்டு கைகளாலும் கீழே குத்தினார்.

அந்த அலறலில் கூட்டம் கலைந்தது. அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார்.

"ஐயோ பௌதி! நீங்க இங்கயா? கையில ரத்தம் வருதே!" என்று வங்காளியில் பதறினார். தோளைப் பிடித்துத் தூக்கி, ரிக்‌ஷாவில் ஏற்றி, வீடு வரைக்கும் அதே குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். 

மூன்றாம் நாள் போலீஸ் வீடு வீடாக விசாரித்தது. சந்தையின் சிசிடிவி படத்தைக் காட்டினார்கள். உயரத்திலிருந்து எடுத்தது. கறுப்பு வட்டங்கள் நெருக்கியடித்து அசைந்தன, ஒரு முகம்கூட இல்லை. யாரையாவது தெரிகிறதா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.

அன்று சாயங்காலமே எதிர் ஃபிளாட்காரர் வலி மாத்திரையோடு வந்தார். டீயைப் பாதி குடித்துவிட்டுக் கேட்டார்:

"பௌதி, கேமராவுல ஏதாவது விழுந்துதா?"

"தண்ணி போய்க் கெட்டுப்போச்சு."

"போகட்டும், வேற வாங்கிக்கலாம்" என்று மீதி டீயையும் குடித்தார்.

அவர் போனதும் கதவைத் தாழிட்டுப் படங்களைத் திறந்தேன். கீழிருந்து எடுத்ததால் ஒவ்வொரு குடைக்கு அடியிலும் ஒரு முகம் துல்லியமாக இருந்தது. அவர் முகத்தில் கோபமே இல்லை. நாக்கு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிறவர் போல இருந்தார்.

என் கணவர் பின்னால் நின்று பார்த்தார். "அழிச்சுடு" என்றார். "எதிராத்துல இருக்கறவன். தினம் அவன் மூஞ்சியிலதான் முழிக்கணும். நமக்கெதுக்கு?"

அழிக்கவில்லை. யாரிடமும் கொடுக்கவும் இல்லை. இரண்டு வாரம் அப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் பள்ளியிலிருந்து நேராக, அடிபட்டவன் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே ஒரு கான்ஸ்டபிள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதால் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"தீதி, நீங்கதானே என் பக்கத்துல, தரையில?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டான்.

"ஆமாம்."

"போனை நான்தான் எடுத்தேன். அதுக்கு ஜெயிலுக்குப் போறேன். ஆனா நீங்க ஒரு தடவை கத்தியிருக்கலாமே. பொம்பளைக் குரல் கேட்டா நின்னிருப்பாங்க."

குரலில் குற்றச்சாட்டு இல்லை, சந்தேகம் கேட்கிற மாணவனைப் போலத்தான் கேட்டான்.  அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் படங்களைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் எதிர் ஃபிளாட்காரரையும் வேறு மூன்று பேரையும் பிடித்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தது என் கணவர். ஐந்து பேர், பிடிபட்டவர்களின் ஆட்கள். ஒருவன் எங்கள் செருப்பு அலமாரியைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தான். அவர் சுவரில் மோதிச் சரிந்தார். சரிந்தவரின் தாடையில் இன்னொருவன் மிதித்தான். இந்தத் தடவை கத்தினேன், தமிழில், வங்காளியில், தொண்டை கிழிய. மாடியில் ஆறு ஃபிளாட்டுகள். ஒரு கதவும் திறக்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட இடது கையை ஓங்கி ஒருவன் மூக்கில் இறக்கினேன். அவன் மூக்கு உடைந்து ரத்தம் என் புடவையில் கொட்டியது, கூடவே பாதி ஒட்டியிருந்த என் விரல்களும் மறுபடி ஒடிந்தன. இன்னொரு அடி கொடுக்க வேண்டும் என்று கை பரபரத்ததை இன்றும் மறக்க முடியவில்லை. மூக்கைப் பிடித்தவனை இழுத்துக்கொண்டு அவர்கள் படியிறங்கி ஓடினார்கள்.

கணவருக்கு முன்பல் மூன்று போயிற்று, தாடைக்குக் கம்பி வைத்தார்கள். அந்த மாதமே நியூ டவுனில் பதினோராவது மாடிக்குக் குடிபோனோம். பள்ளிக்கூடத்தையும் விட்டேன்.

வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் என் படத்தைப் பெரிதாக்கி மாட்டிவைத்துக் கேட்டார்: "கீழிருந்து எடுத்தா கை நீளும், குடை நீளும், ஆளே ராட்சசனாயிடுவான். இதை எப்படி நம்பறது?"

"நீளும்" என்றேன். "ஆனா வேற ஆள் முகம் வராது."

எதிர் ஃபிளாட்காரருக்கு ஏழு வருஷம் கிடைத்தது. உதைத்த மூவருக்கும் குறைந்த தண்டனை. எடைக்கல்லால் அடித்தவர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை, அவர் முதுகு மட்டும்தான் படத்தில் இருந்தது. கண் இழந்தவன் திருட்டுக்கான தண்டனையை முடித்து வெளியே வந்திருந்தான். தீர்ப்பன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், நான் பார்ப்பதற்குள் எழுந்து போய்விட்டான்.

வெளியே வந்து கோர்ட் வாசலில் ஒரு டீக்கடையில் நின்றோம். என் கணவர் பிஸ்கட்டை டீயில் நன்றாக ஊறவைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிமேயாவது நின்னுண்டு படம் எடு" என்றார்.

"பார்க்கலாம்" என்றேன்.

அவர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்து டீக்குள் விட்டார்.