பக்கத்து வீட்டில் இருந்த என் ஃப்ரிட்ஜ்

ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷமாக வேலை செய்கிறேன். விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. அந்தச் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் ஃப்ரிட்ஜ். என் மாமியார் வீட்டிலும் சரி, அம்மா வீட்டிலும் சரி, சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அதனால் அந்தச் சிவப்பு ஃப்ரிட்ஜ் கூடத்தில் வந்து நின்ற அன்று நான் அதைத் துடைத்த துடைப்பை என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சிரிப்பார். சுகருக்கு ஊசி போட ஆரம்பித்த பிறகு அது எனக்கு மருந்துப் பெட்டியும் ஆகிவிட்டது.

போன வருஷம் கோடையில் எங்கள் சபைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் ஊழியத்துக்கு வரப்போவதாகச் சொன்னார்கள். இருபத்திரண்டு வயது. மூன்று மாதம் ஏதாவது ஒரு சபைக் குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளுக்குப் பாட்டும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பாள். எங்கள் மகள் திருப்பதியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். அவள் அறை சும்மா கிடந்தது. வரட்டும் என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

அவள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பாஸ்டரய்யா வீட்டுக்கு வந்தார். கூடத்தை ஒரு சுற்று பார்த்தார். "சிஸ்டர், இந்த ஃப்ரிட்ஜு, டி.வி. எல்லாம் கொஞ்ச நாளைக்கு எங்கனா வெச்சிக்கலாமே" என்றார். எதற்கு என்று கேட்டேன். "நம்ம சபைக்கு இன்னும் தகரக் கூரைதான். அந்தப் பொண்ணு பாக்கறதை அங்க போயி சொல்லும். எல்லாம் இருக்கற வூட்டைப் பாத்தா எவன் குடுப்பான்? கர்த்தர் காரியம்மா."

கர்த்தர் என்ற சொல் வந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவர் அப்படித்தான். பாஸ்டரய்யா சொன்னால் வீட்டுக் கூரையையே பிரித்துக் கொடுப்பார். எனக்கு உள்ளே சுர்ரென்று ஏறியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே ஃப்ரிட்ஜும் டி.வி.யும் பக்கத்து வீட்டுக்குப் போயின. மிக்சி கட்டிலுக்கு அடியில் போனது. ஃப்ரிட்ஜ் கால்கள் தரையில் பதிந்த நான்கு கறையின் மேல் ஒரு பாயை விரித்தேன்.

மகளிடம் போனில் சொன்னேன். "நீ இன்னாத்துக்கும்மா ஒத்துக்கின?" என்று கத்தினாள். பெரியவர்களிடம் அப்படிப் பேசாதே என்று அவளைத் திட்டிவிட்டு வைத்தேன்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. பல்லிக்குப் பயந்தாளே தவிர வேறு எதற்கும் முகம் சுளிக்கவில்லை. போர் குழாயில் என்னோடு சேர்ந்து துணி அலசினாள். கையால் பிசைந்து சாப்பிடப் பழகினாள். என்னை அம்மா என்றாள். எங்கள் பேச்சையே பிடித்துக்கொண்டு, நான் கம்பெனியிலிருந்து வந்ததும் "அம்மா, துன்னியா?" என்று கேட்பாள். அந்தக் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். பத்து வருஷமாகத் தொடாத அம்மியில் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து சட்னி அரைத்தேன். அவள் அதை வீடியோ எடுத்தாள். சுவரில் நாங்கள் கழற்ற மறந்த ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். "கரண்ட் பொட்டி" என்றார் என் வீட்டுக்காரர், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. காலையில் ஃப்ரிட்ஜ் கறையை மறைத்த அந்தப் பாயின் மேல்தான் அவள் முழங்கால் போட்டு ஜெபிப்பாள்.

ஊசிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் ஒருமுறை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை. அங்கே ஜெபம் பண்ணப் போகிறேன் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியோ செவ்வாய் வெள்ளி தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். "இன்னாக்கா, உன் பொருளுக்கே திருட்டுத்தனமா வந்துக்கினு போற" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரி குடும்பத்தோடு பிள்ளைக்கு முடியிறக்கத் திருமலைக்குப் போனாள். பால் தயிரையெல்லாம் காலி பண்ணிவிட்டு, வீட்டைப் பூட்டும்போது எல்லோரும் செய்வதுபோல கரண்ட் மெயினையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் என் மருந்து இருப்பது அவளுக்கு ஞாபகமில்லை. இரண்டு நாள் எனக்கு ஊசியில்லை. அவர்கள் வந்த பிறகு, பூட்டிய வீட்டுச் சூட்டில் கெட்டது தெரியாமல் அந்த மருந்தையே நான் நாலு நாள் குத்திக்கொண்டேன். ஐந்தாம் நாள் அடுப்பு முன்னால் கண் இருட்டி விழுந்தேன்.

வரதய்யபாளையம் கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மருந்த ஃப்ரிட்ஜ்லதான வெச்சீங்க?" அந்தப் பெண் என் காலைப் பிடித்தபடி கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். வெளியே வந்ததும் அவள் என்னவென்று கேட்க, "வீக்னெஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. எங்கள் சபையில் அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். யாரும் தடுக்கக் கூடாது. அந்தப் பெண் எழுந்து கண்ணீரோடு இங்கிலீஷில் பேசினாள். பாஸ்டரய்யா தமிழில் சொன்னார்: "இந்த வீட்டுல ஒண்ணுமே இல்ல. ஆனாலும் இந்த அம்மா தன் சாப்பாட்டை எனக்குக் குடுத்துட்டு, எல்லாருக்கும் கடைசியா துன்றாங்க. அந்தப் பசியிலதான் மயங்கி வுழுந்தாங்க."

அல்லேலூயா என்றது சபை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் என் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் வாங்கிக்கொண்டு போனவர்கள். பசியாம். ஏழு வருஷம் நின்றுகொண்டே வேலை செய்து கால் வீங்கிய என்னை, சோற்றுக்கு இல்லாதவளாக்கி நடுச் சபையில் உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்தேன்.

"நான் பசியில வுழல. எனக்கு சுகர். ஊசி மருந்த ஃப்ரிட்ஜ்ல வெக்கணும். என் ஃப்ரிட்ஜ பக்கத்து வூட்ல ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கோம். அதான் மருந்து கெட்டுப்போச்சி."

அந்தப் பெண் பாஸ்டரய்யாவைப் பார்த்தாள். அவர் சிரித்த முகத்தோடு நீளமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் சுகரும் வரவில்லை, ஃப்ரிட்ஜும் வரவில்லை. கம்பெனியில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அவ்வளவுகூடவா தெரியாது? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். "சிஸ்டர், சிஸ்டர்" என்று பின்னால் குரல் கேட்டது. திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சமையல் செய்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் விலகி நின்றாள். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். என் பெயர் எழுதிய புது மருந்துப் பெட்டியை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தேன். "சுகர்" என்றேன். ஃப்ரிட்ஜைத் தட்டி, என் நெஞ்சையும் தட்டி, "மை ஃப்ரிட்ஜ்" என்றேன்.

அவள் பெட்டியில் இருந்த பெயரைப் படித்தாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த கரண்ட் பெட்டியும் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

"அம்மா, ஏன் என்னாண்ட சொல்லல?"

பாஸ்டரய்யாவையும் சபையையும் என் வீட்டுக்காரரையும் திட்ட எனக்கு வாய் நிறைய இருந்தது. இவளிடம் சொல்ல வேண்டியிருந்ததோ "மை ஃப்ரிட்ஜ்" என்ற இரண்டே வார்த்தை. இரண்டும் அவளுக்குப் புரிகிற வார்த்தை. இவ்வளவு நாளும் அவை என் வாயிலேயே இருந்தன.

பிளக்கைப் பிடுங்கினேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அவள் தானாகவே குனிந்து பின்பக்கத்தைப் பிடித்தாள். என் வீட்டுக்காரர் தெருமுனையில் பைபிளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் பிடித்தது நான். அதை அங்கே கொண்டுபோன அன்றும் முன்பக்கம் பிடித்தது நான்தான்.