பழசைக் கொடுத்தால் புதுப் பந்து

நெய்வேலியில் பிறந்து, நெய்வேலியிலேயே நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட் வேலைக்கும் சேர்ந்தவள் நான். கம்பெனி டவுன்ஷிப்புக்குள் மைதானத்துக்கும் விளக்குக்கும் குறைவே கிடையாது. அதன் வாசலான ஆர்ச் கேட்டைத் தாண்டினால் கதை வேறு. வெளியே ஒரு ஊரில் வீடு கட்டிக் குடிபோன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அங்கே பெண்பிள்ளைகள் வாலிபால் ஆடுவார்கள். கல்லூரி விட்டும், கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை முடித்தும் வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிடும். கொஞ்ச நேரத்தில் இருட்டத் தொடங்கும், தெருவிலிருந்து அம்மாக்களின் குரல் வரும், ஆட்டம் அத்தோடு சரி. பயிற்சி கொடுக்கிறேன் பேர்வழி என்று நானும் போய் நிற்பேன்.

ஊர் இளைஞர் மன்றத்துக்கு அரசாங்கம் ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் கொடுத்தது. மைதானத்துக்கு விளக்குப் போடவும் நிதி உண்டு. ஆனால் கொடுத்த சாமானை ஊர் பயன்படுத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். பெட்டிச் சாவி மன்றத்துப் பொறுப்பாளரிடம் இருந்தது. மைன்ஸ் ஸ்டோரில் காலமெல்லாம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அங்கே தேய்ந்த கையுறையைக் கொடுத்தால்தான் புதுக் கையுறை வரும். அந்தச் சட்டத்தை மனிதர் அப்படியே பெட்டிக்கும் போட்டுவிட்டார்.

"பழசைக் குடுங்கம்மா, புதுசு தரேன்."

"இதுவரைக்கும் நீங்க ஒண்ணுமே குடுக்கலையே, பழசுக்கு எங்கங்க போறது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஸ்டோருன்னா ஒரு முறை இருக்கு."

அவரோடு வாதாடி எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியதுதான் மிச்சம். கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. அவர் கையில் ஒரு ஊசி காணாமல் போகாது. பிள்ளைகள் தங்கள் சொந்தப் பந்தைத் தைத்துத் தைத்து ஆடினார்கள்.

ஒரு சாயங்காலம் பெண் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். பொறுப்பாளர் பெருமையாகப் பெட்டியைத் திறந்தார். பந்துகள் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளத்தன.

"ஒரு கீறல் இல்லாம வெச்சிகினு இருக்கேன் மேடம்."

அதிகாரியின் முகம் சுருங்கியது. "அப்போ யாருமே விளையாடலை. விளையாடாத ஊருக்கு விளக்கு எதுக்குங்க?"

பொறுப்பாளர் பெட்டியைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். சாமான் குறையாமல் இருப்பதற்காக அவரை ஆயுளில் யாரும் கேள்வி கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்து, கேன்டீனில் வேலை செய்யும் எங்கள் அணிப் பெண் உள்ளே வந்து, தையல் போட்ட பந்தை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"பழசு, இந்தாங்க. புதுசு குடுங்க."

அவர் அதை எடுத்துப் புரட்டினார். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துப் போட்ட தையல். எழுத்தெல்லாம் அழிந்த தோல். "இது நம்ம பெட்டிப் பந்து இல்லியே" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "இவ்ளோ தேய்ஞ்சி போயிருக்கே" என்றார் மெதுவாக. பிறகு உறையைக் கிழித்தவரும் அவர்தான், காற்றடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அதிகாரி மைதானத்துக்கே வந்து நின்று பார்த்தார். ஆட்டம் சூடு பிடிக்கும்போது இருட்டியது. வழக்கம்போல் தெருவிலிருந்து கேன்டீன் பெண்ணின் அம்மா குரல் கொடுத்தார். "இருட்டிகினு வருது, வூட்டுக்கு வாடி." பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள்.

"பாதியில போறாங்களே?" என்றார் அதிகாரி.

"தினமும் இப்படித்தாங்க" என்றேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச மாதம் இழுத்தடித்தார்கள், இழுக்காவிட்டால் அரசாங்கமா? ஆனாலும் கம்பம் வந்தது, விளக்கும் வந்தது. விளக்கு எரிந்த முதல் நாள் எனக்கிருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. பொறுப்பாளர் பந்தை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் தேயவே இல்லியே, ஒழுங்கா ஆடுறீங்களா?" என்று பிள்ளைகளை அதட்டினார்.

பழக்கதோஷத்தில் கேன்டீன் பெண்ணின் அம்மா அன்றைக்கும் கூப்பிட வந்தார். மைதானத்து ஓரம்வரை வந்தவர் கூப்பிடாமல் நின்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு இவ்ளோ நல்லா ஆடுமாங்க?" என்றார். "நான் பாத்ததே இல்லியே."